துவெர்னே வீட்டு வலது கால்

துவெர்னே குடும்பத்தில் நான்கு தலைமுறையாக யாரும் காலணி இல்லாமல் ஓவியத்துக்கு உட்கார்ந்ததில்லை. பாரிஸ் வீட்டின் கூடத்தில் வரிசையாகத் தொங்கும் நான்கு நீதிபதிகளும் வெள்ளிக் கொக்கி வைத்த காலணி அணிந்திருக்கிறார்கள். நான்காமவரான லூசியன், புரட்சியின்போது தலையை இழந்தவர். அன்று காலையிலும் காலணியைத் துடைத்துத் தரச் சொல்லி மாட்டிக்கொண்டுதான் வண்டியேறினார். திறந்த வண்டி, பட்டப்பகல். அவருடைய அண்ணன் அன்செல்ம் தெருமுனையில் நின்று அந்த வண்டி போவதைப் பார்த்தார். அதன்பிறகு பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை; யாருக்கும் முதுகை வளைத்து வணங்கியதுமில்லை. பேரரசரின் அமைச்சர் எதிரே வந்தாலும் தலையை ஒரு விரற்கடை அசைப்பார். அதற்கு மேல் அவரிடம் யாருக்கும் கிடைக்காது.

லூசியனின் ஒரே மகள் சிதோனி. கணவனை இழந்தபின் பெரியப்பாவின் வீட்டிலேயே இருந்தாள். செவ்வாய்க்கிழமை மாலைகளில் அந்த வீட்டுக் கூடத்துக்கு வராதவர்களைப் பாரிஸ் படித்தவர்களாக எண்ணுவதில்லை. கவிஞர்கள், வானியலாளர்கள், தளபதிகள், ஒரு காலத்தில் ஒருவரையொருவர் கொலைமேடைக்கு அனுப்பப் பார்த்தவர்கள் எல்லோரும் அங்கே ஒரே சோபாவில் உட்கார்ந்து, சிதோனி ஊற்றித் தரும் நீர்த்த எலுமிச்சைச் சாற்றைக் குடித்துவிட்டு, மரியாதையாகப் பேசிப் போனார்கள். அவள் நிறையப் படித்தவள். படித்ததை மற்றவர் வாயிலிருந்து வரவழைக்கத் தெரிந்தவள்.

அவளைப் பெரோல் என்ற ஓவியர் வரைந்தார். பழைய ரோமானிய பாணியில் ஒரு சாய்மஞ்சம், வெள்ளை மஸ்லின் உடை, உயர்த்திக் கட்டிய கூந்தல், பக்கத்தில் ஒரு வெண்கல விளக்கு. இடது கால் உடைக்குள் மறைந்திருந்தது. வலது கால் மறையவில்லை. கணுக்கால் முதல் விரல் நுனி வரை, ஒரு நூல்கூட இல்லாமல், பார்ப்பவர் முகத்துக்கு நேராக நீண்டிருந்தது.

அன்செல்ம் ஓவியக்கூடத்தில் அந்தப் படத்தின் முன் கைத்தடியை ஊன்றி வெகுநேரம் நின்றார்.

"காலணி எங்கே?"

"காலணி போட்டா வருஷம் தெரிஞ்சிரும் முஸ்யே," என்றார் பெரோல். "இந்த வருஷக் காலணி அடுத்த வருஷம் பாத்தா சிரிப்பா இருக்கும். வெறுங்கால்னா ரெண்டாயிரம் வருஷம் நிக்கும்."

"ரெண்டாயிரம் வருஷம் எங்க வீட்டுப் பொண்ணு வெறுங்காலோட நிக்கணுமா?"

"படுத்துல்ல இருக்காங்க, முஸ்யே."

"அது இன்னும் மோசம்."

அதன்பின் நான்கு நாள் அவர் வீட்டில் பேசவில்லை. ஐந்தாம் நாள், உருவப்பட ஒழுங்கு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இலையுதிர்காலக் கண்காட்சிக்கு அனுப்பப்பட்ட 'மதாம் சிதோனியின் உருவப்படம்' நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, காரணம், கால்.

நான்கு நாளாக அவர் வாய்திறக்காமலே சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அலுவலகமும் சொன்னது. ஆனால் வீட்டுப் பெரியவர் சொன்னால் அது கண்டிப்பு. முத்திரை வைத்த காகிதம் சொன்னால் அது அவதூறு. அன்செல்ம் எழுந்து தொப்பியை எடுத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க பெரியப்பா?"

"உன் காலைப் பத்திப் பேச."

"நீங்க அந்தக் கால்கூடப் பேசியே நாலு நாள் ஆச்சே."

"அது நமக்குள்ள," என்றார் அன்செல்ம்.

அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. செயலாளர் தப்ரேல் மெலிந்த, மிக மரியாதையான மனிதர். அவர் பேசும்போது அவருடைய மேசைக்குப் பின்னால் ஒரு பெரிய ஓவியத்தில் நாற்பது ரோமானிய வீரர்கள் தலைக்கவசம் தவிர வேறெதுவும் அணியாமல் போரிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உக்காருங்க முஸ்யே. விதி ரொம்ப எளிமையானது. பெண்கள்ல மூணு பேருக்குத்தான் வெறுங்கால் அனுமதி. தேவதை, ஏதாவது நற்குணத்தோட உருவம், இறந்தவர். உங்க மதாம் இதுல எது?"

"அவ என் தம்பி பொண்ணு."

தப்ரேல் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். "அது இதுல இல்லியே."

"பின்னால இருக்கிறவங்களுக்கு என்ன அனுமதி?" என்று அன்செல்ம் சுவரைக் காட்டினார்.

தப்ரேல் திரும்பிப் பார்த்தார். அங்கே ஓர் ஓவியம் இருப்பதை அன்றுதான் கவனித்தவர்போல் இருந்தது. "அவங்க ஆம்பளைங்க முஸ்யே. அது வீரம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களைப் பாத்தா பெரிய குடும்பம்னு தெரியுது, அதனால சொல்றேன். இறந்தவர்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. இன்னிக்கே முத்திரை போட்டுத் தர்றேன்."

"அவ வர்ற செவ்வாய்க்கிழமை நாப்பது பேருக்கு விருந்து வைக்கிறா."

"வைக்கட்டுமே! நாங்க எதுக்குத் தடுக்கப்போறோம்? அது வேற அலுவலகம்."

அன்செல்ம் கைத்தடியை இறுகப் பிடித்தார். நற்குணத்தில் என்னென்ன உண்டு என்று கேட்டார். தப்ரேல் இன்னொரு புத்தகத்தைத் திறந்தார். கற்பு, கருணை, நம்பிக்கை மூன்றும் தளபதிகளின் மனைவிமாருக்குப் போய்விட்டன. நீதி ஓர் அமைச்சரின் மாமியாருக்கு. மீதி இருந்தது பொறுமை ஒன்றுதான்.

"பொறுமைக்கு மனு போட்டா எவ்வளவு நாள் ஆகும்?"

"பதினாலு மாசம். முந்தாநாள்கூட ஒருத்தர் கோபப்பட்டு மனுவைத் திரும்ப வாங்கிட்டுப் போயிட்டாரு. தகுதி இல்லன்னு எழுதிக்கிட்டோம்."

அன்செல்ம் எழுந்தபோது தப்ரேல் சன்னலருகே கூப்பிட்டு, ஓர் அன்பான எச்சரிக்கை போலக் கீழே முற்றத்தைக் காட்டினார். அங்கே இரண்டு சுமைகாரர்கள் ஒரு கைவண்டியில் ஏதோ ஒரு படத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூடுவதற்குத் துணி இல்லை. சட்டத்தின் நெற்றியில் கொட்டை எழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது.

"தள்ளுபடி ஆன படங்களை அதது வீட்டுக்கு நாங்களே கொண்டுபோய்ச் சேர்த்துருவோம். திறந்த வண்டியில, பகல்லதான். என்ன காரணம்னு ஒட்டிடுவோம். மக்களோட ரசனை வளரணும்ல?"

அன்செல்ம் அந்த வண்டியைப் பார்த்தார். அதன் சக்கரங்களைப் பார்த்தார். தப்ரேல் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அன்செல்மின் காதில் எதுவும் விழவில்லை.

மறுநாளும் அவர் வந்தார். அதற்கு மறுநாளும். தினமும் காலை ஒன்பதுக்கு வந்து, தாழ்வாரத்து மரப்பலகையில், சாய்மானத்தில் முதுகு படாமல் உட்கார்ந்தார். தேவதை என்று நிரூபிக்க முடியுமா என்று விசாரித்தார். முடியும், அதற்குத் தொன்மைப் பிரிவின் சான்று வேண்டும். தொன்மைப் பிரிவுக்குப் போனார். அவர்கள் விடுமுறையில் இருந்தார்கள். விடுமுறை எப்போது முடியும் என்பதைச் சொல்லக்கூடியவர் அவர்களோடு விடுமுறையில் இருந்தார். பன்னிரண்டாம் நாள் அவர்கள் திரும்பிவந்து, படத்தின் முன் மண்டியிட்டு, இரண்டு முனை கொண்ட அளவுகருவியான கவைக்கோலால் விரல்களை அளந்தார்கள். பெருவிரலைவிட இரண்டாம் விரல் ஒரு நெல்மணி அளவு நீளமாக இருந்தது. அந்தப் பிரிவின் நிபுணர் கண்கலங்கிவிட்டார்.

"கிரேக்கக் கால்! முஸ்யே, இது பொம்பளைக் காலே இல்ல, சிலைக் கால்! எல்லாப் பழைய சிலையிலயும் இதேதான். தேவதைதான், சந்தேகமே இல்ல!"

அன்செல்ம் பன்னிரண்டு நாளில் முதல் முறையாக மூச்சை விட்டார். நிபுணர் எழுதிக்கொண்டே போய், பேனாவை நிறுத்தினார்.

"ஒரு சின்ன விஷயம். ஓவியர் இதைச் சிலையைப் பாத்து வரைஞ்சாரா, மதாமோட காலைப் பாத்து வரைஞ்சாரா?"

அன்செல்ம் படத்தின் பக்கம் திரும்பினார்.

"ஏன்னா, மதாமுக்கே இப்படி விரல் இருந்தா, இது தொன்மை ஆகாது. வெறும் பொம்பளை காலைத் தூக்கிக் காட்டுறதாத்தான் ஆகும். அளந்து பாத்துட்டா முடிஞ்சுது."

பதினாறாம் நாள் அறிவிப்பு வந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை மாலை, படங்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் குழுவின் மூன்று உறுப்பினர்கள் கவைக்கோலுடன் வீட்டுக்கு வருவார்கள். விதிப்படி சாட்சிகள் முன்னிலையில்தான் அளக்க வேண்டும். அன்று மதாமின் வீட்டில் நாற்பது பேர் இருப்பார்கள் என்பதால் அலுவலகத்துக்குச் சிரமம் குறைவு. குடும்பத் தலைவரின் சம்மதக் கையெழுத்து செவ்வாய் நண்பகல் மணிக்குள் வந்துசேர வேண்டும். வராவிட்டால் படம் தள்ளுபடி, காரணம், 'ஒழுக்கக் குறைவு', வண்டி.

சிதோனி அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "வரட்டுமே பெரியப்பா. எலுமிச்சைச் சாறு குடுக்கலாம். கவைக்கோல் வச்சிருக்கிறவங்க பாவம், வீட்ல பேச ஆளில்லாதவங்களாத்தான் இருப்பாங்க."

"உன் கால்... பெரோல் உன்னைப் பாத்துத்தான் வரைஞ்சானா?"

"பதினோரு காலைவேளை. அடுப்பே இல்லாத அறை. கால் நீலமாயிடுச்சு. அதை மட்டும் அவர் ரோஜா நிறத்துல போட்டுட்டாரு." சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. அவள் கடிதத்தை மடித்தாள். மடிப்பு சரியாக வராமல் மறுபடி மடித்தாள். "அளந்தா எல்லாரும் என் காலைத்தான் பாத்துக்கிட்டிருப்பாங்க, இனி எப்பவும். அளக்கவிடலேன்னா வண்டி. அந்த வண்டி நம்ம தெருவுல வரும்ல பெரியப்பா? அப்பாவோடது வந்த அதே வழியா?"

அன்செல்ம் எழுந்து தன் அறைக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வலதுகாலில் பட்டுக் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். எழுபத்தோரு வருடமாகத் தினமும் பார்க்கிற கால். வயதுவந்தபின் ஒருநாளும் அதைக் கவனித்ததில்லை. பெருவிரலைவிட இரண்டாம் விரல் ஒரு நெல்மணி அளவு நீளமாக இருந்தது. தம்பி லூசியனுக்கும் அப்படித்தான். சிறுவயதில் ஆற்றில் கால் நனைத்தபடி அளந்து பார்த்துச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

அவர் காலுறையை முழுவதும் இழுத்துவிட்டுக்கொண்டு, பெரோலுக்கு ஆள் அனுப்பினார்.

குழு பதினொன்றரைக்குத் தப்ரேலின் அறையில் கூடியது. தலைவர் பரோன் ஷமிலி, மன்னர் காலத்திலும், புரட்சிக் காலத்திலும், இப்போது பேரரசர் காலத்திலும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். நாற்காலியின் முதுகிலிருந்த சின்னத்தை மட்டும் மூன்று முறை செதுக்கி மாற்றியிருந்தார்கள். அவர் சிதோனியின் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"எங்களைக் கலைக்கு விரோதின்னு வெளியில பேசுறாங்க முஸ்யே," என்றார் பரோன். "நான் சொல்றேன், இருபத்தாறு வருஷமா நான் ஒரு படத்தைக்கூடப் பாத்ததில்ல. பாத்தா பிடிச்சுப்போயிடும். பிடிச்சுப்போனா நடுநிலை போயிடும். பாக்காமலே நாலாயிரம் படத்துக்குத் தீர்ப்பு சொல்லியிருக்கேன். ஒண்ணுல தப்புன்னு யாராவது நிரூபிச்சாங்களா? நிரூபிக்கணும்னா என்கிட்டத்தான் மனு போடணும். யாரும் போடல. இதைவிட என்ன வேணும்?"

உறுப்பினர்கள் மேசையை மெல்லத் தட்டிப் பாராட்டினார்கள்.

"கையெழுத்து கொண்டுவந்தீங்களா?"

"இல்ல."

சன்னலுக்குக் கீழே முற்றத்தில் கைவண்டி நின்றது. ஒரு சுமைகாரன் பசைக் கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டிருந்தான். நண்பகலுக்குக் கால் மணி நேரம் இருந்தது.

"அப்ப தள்ளுபடி. தப்ரேல், எழுது."

"பொறுங்க," என்றார் அன்செல்ம். அவர் குரல் சற்று மாறியிருந்தது. நான்கு தலைமுறை நீதிபதிகளின் வீட்டில் பிறந்து, வாழ்நாளில் பொய் என்று ஒன்றைச் சொல்லாதவர், இப்போது சொல்லப்போகிறார் என்பது அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. "மதாமோட காலை அளக்க வேண்டிய அவசியமே இல்ல. அந்தக் காலுக்கு உக்காந்தது அவ இல்ல. நான்."

அறையில் பேனாக்கள் நின்றன.

"முஸ்யே பெரோல்," என்றார் பரோன், திரும்பாமலே. "நிஜமா?"

பெரோல் கதவருகே தொப்பியைக் கையில் பிடித்து நின்றிருந்தார். உண்மையைத் தவிர வேறெதையும் வரைவதில்லை என்று பாரிஸ் முழுக்கச் சொல்லித் திரிகிற மனிதர். அவர் அன்செல்மைப் பார்த்தார். பிறகு தான் பதினோரு காலைவேளை செலவழித்து வரைந்த ரோஜா நிறக் காலைப் பார்த்தார்.

"ஆமா பரோன்," என்றார். "முஸ்யே... ரொம்ப ஆடாம உக்காந்தாரு."

"அளக்கணும்," என்றார் நிபுணர்.

அன்செல்ம் துவெர்னே நாற்காலியில் உட்கார்ந்தார். குனியாமல் காலணியைக் கழற்ற முடியாது. ஆனால் அந்த அறையில் இருந்தவர்கள் முன் குனிய அவருக்கு மனமில்லை. எனவே காலைத் தூக்கி மேசைமேல், தள்ளுபடிப் பதிவேட்டின் மீதே வைத்தார். முதுகு நேராக இருந்தபடியே கொக்கியை அவிழ்த்தார். காலுறையை உருவினார். எழுபத்தோரு வயதுக் கால் நாற்பது ரோமானியர்களுக்கு எதிரே வெளிச்சத்தில் நின்றது.

கவைக்கோல் இறங்கியது. படத்துக்குப் போனது. மீண்டும் காலுக்கு வந்தது. பெரோல் கண்ணை மூடிக்கொண்டார்.

"விரல் பொருந்துது," என்றார் நிபுணர். "ஆனா இங்க ஒரு கால் ஆணி இருக்கு. படத்துல இல்ல."



"அது இலட்சியப்படுத்தல்," என்றார் பெரோல் வேகமாக.

"ஆ!" நிபுணரின் முகம் மலர்ந்தது. "கால் ஆணியை நீக்கியிருக்காரு! பழைய சிற்பிகள் செய்தது இதேதான்! பரோன், இது உயர்ந்த கலை!"

பரோன் விரல்களைக் கோத்துக்கொண்டார். "அப்ப இது ஆண் கால். ஆண் காலுக்குத் தடை இல்ல. ஆனா," என்று அவர் ஒரு விரலை உயர்த்தினார், "சாதாரண ஆண் எதுக்கு வெறுங்காலோட இருக்கணும்? ஒன்பதாவது பிரிவு. ஆடை களையுற உரிமை வீரர்களுக்கு மட்டும்தான். முஸ்யே, நீங்க எந்தப் போர்ல இருந்தீங்க?"

அன்செல்ம் எந்தப் போரிலும் இருந்ததில்லை. ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. இரண்டாவது அவருக்கு வரவில்லை. வெளியே தேவாலயத்தில் நண்பகல் மணிக்கான கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. சுமைகாரர்கள் மாடிப்படி ஏறத் தொடங்கியிருந்தார்கள்.

"இந்த ஆபீஸ்ல," என்றார் அவர். "பதினேழு நாள்."

யாரும் சிரிக்கவில்லை. தப்ரேல் பேனாவை மையில் தோய்த்தார். வந்துபோனவர்களின் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, நாட்களை எண்ணினார்.

"சரியா பதினேழு நாள்தான் பரோன். தினமும் ஒன்பது மணிக்கு. பின்வாங்கவே இல்ல." பிறகு தலை நிமிர்ந்து, உண்மையான ஐயத்தோடு கேட்டார்: "இதைச் சண்டைன்னு எழுதுறதா, முற்றுகைன்னு எழுதுறதா?"

"சரணடைஞ்சாரா?"

"இல்ல."

"அப்ப முற்றுகை," என்றார் பரோன். மணி அடித்தது.

கண்காட்சி திறந்த அன்று, சிதோனி பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவர்களுடைய படத்தின் முன் எழுபது பேர் நின்றார்கள். சாய்மஞ்சமும் மஸ்லினும் விளக்கும் எந்தக் குறையுமில்லாமல் இருந்தன. சட்டத்தின் கீழே பித்தளைத் தகடு இருந்தது. சிதோனி அதைப் படித்துவிட்டு விசிறியால் வாயை மூடிக்கொண்டாள்.

'பதினேழு நாள் முற்றுகையில் நின்ற முஸ்யே அன்செல்ம் துவெர்னேயின் வலது கால். உடன் ஒரு பெண்மணி.'

"பெரியப்பா, என் பேரே இல்லியே!"

"நல்லதாப் போச்சு."

முன்னால் நின்ற ஒரு சீமாட்டி கணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "வயசானவர் காலாம், நம்ப முடியுதா? என்ன ஒரு மென்மை! உங்க காலும்தான் இருக்கே." கணவன், போர் என்றால் உடல் இறுகும் என்று ஏதோ முணுமுணுத்தான். யாரோ அன்செல்மை அடையாளம் கண்டுகொண்டார்கள். கூட்டம் திரும்பியது. எழுபது ஜோடிக் கண்களும் ஒன்றாக அவருடைய வலது காலணியில் வந்து இறங்கின. சிதோனியை யாரும் பார்க்கவில்லை.

அவள் அவர் கையை அழுத்தினாள். "உங்களுக்குக் கூச்சமா இல்லியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வண்டி வரல இல்ல?" என்றார் அன்செல்ம். "பேசாம நட."

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பழைய படைவீரன் வந்தான். வெளுத்த சீருடை, இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல், இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவன் தகட்டை எழுத்துக்கூட்டிப் படித்தான். பிறகு அன்செல்மின் முன் வந்து, ஊன்றுகோலோடு விறைப்பாக நின்றான்.

"எந்த ஊர் முற்றுகை முஸ்யே? நானும் நாலு முற்றுகை பாத்தவன்தான். உங்களை எங்கயும் பாத்த ஞாபகம் இல்லியே."

கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது. தப்ரேலும் சற்றுத் தள்ளித் தூண்பக்கம் நின்றிருந்தார். சிதோனியின் விரல்கள் பெரியப்பாவின் கையில் குளிர்ந்தன. ஒரு சொல் போதும். ஏதாவது ஓர் ஊரின் பெயர்.

"ஊர் இல்ல," என்றார் அன்செல்ம். "மூணாவது மாடி. உருவப்பட ஒழுங்கு அலுவலகம்."

வீரன் அவரை உற்றுப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மாறியது.

"அதுக்கு எதிர்த்த கதவு எங்களுது," என்றான். "மரக்காலுக்கு மனு போட்டிருக்கேன். பதினோரு வருஷம் ஆச்சு. கால் இல்லேன்னா இல்லாத காலைக் கொண்டுவந்து காட்டணுமாம், எந்தப் பக்கத்துதுன்னு பாக்க." அவன் தலையை ஆட்டினான். "பதினேழு நாள்ல வெளிய வந்துட்டீங்களா? அதுவும் ரெண்டு காலோட?"

அவன் கஷ்டப்பட்டு ஓர் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொப்பியைக் கழற்றினான்.

அன்செல்ம் துவெர்னே சிதோனியின் கையை விட்டார். பாரிஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, பன்னிரண்டு ஆண்டுகளாக எந்த அமைச்சருக்கும் வளையாத முதுகை இடுப்புவரை வளைத்து, அந்த இல்லாத காலுக்கு வணங்கினார்.